சாளுக்கியர் படையெடுப்புகளும் தொண்டை மண்டலமும்: புள்ளலூர் முதல் மாமல்லை வரை

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் வாதாபிச் சாளுக்கியர் தம் ஆட்சியைக் கிழக்கிலும் தெற்கிலும் விரிக்க முற்பட்டனர். அம்முயற்சியில் எழுந்த போர்களின் சுமையைப் பெரிதும் தாங்கியது பல்லவரின் தொண்டை மண்டலம். இருதரப்பு ஆவணங்களும் தத்தம் வெற்றிகளையே பேசுவதால், ஒரு தரப்பை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு குறையுடையதாகிறது. இக்கட்டுரை, இருதரப்புச் சாசனங்களையும் எதிரெதிர் வைத்து, போர்க்களங்களின் அமைவிடத்தோடும் கொடை ஆவணங்களில் உள்ள நிலம், நீர் பற்றிய செய்திகளோடும் இணைத்து ஆராய்கிறது. காஞ்சியும் வாதாபியும் மாறிமாறிக் கைப்பற்றப்பட்டபோதும், வென்றவர் எவரும் எதிரியின் நாட்டில் நிலையான ஆட்சியை நிறுவவில்லை. தலைநகரைக் கைப்பற்றுவதும் நாட்டைக் கைக்கொள்வதும் வெவ்வேறு என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

திறவுச்சொற்கள்: பல்லவர், சாளுக்கியர், தொண்டை மண்டலம், புள்ளலூர், மணிமங்கலம், கூரம் செப்பேடு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம்.

1. முன்னுரை

பல்லவ – சாளுக்கியப் போர்கள் தமிழ் வாசகர் நன்கறிந்தவை. 1944 முதல் 1946 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ அப்போர்களைத் தமிழர் நினைவில் ஆழப் பதித்தது. அந்நினைவின் மையம் வாதாபி. மாமல்லனின் படை அந்நகரை அழித்ததே போரின் முடிவு என்ற எண்ணம் இன்றும் பரவலாக உள்ளது. சாசனங்கள் காட்டும் நிலை வேறு. வாதாபி வீழ்ந்த பின்னரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் போர் தொடர்ந்தது. சாளுக்கியப் படை மீண்டும் காஞ்சிக்குள் நுழைந்தது. மேலும், பல்லவர் வெற்றி பெற்றதாகக் கூறும் களங்களுள் இடம் அறியப்பட்டவற்றிற் பல பல்லவர் தலைநகரை ஒட்டியே அமைந்துள்ளன. ஆகவே இப்போர்களைத் தொண்டை மண்டலத்தின் நிலத்திலிருந்து நோக்குவது தேவையாகிறது.

2. சான்றுகளின் இயல்பு

இப்போர்கள் பற்றிய செய்திகள் பெரும்பாலும் கொடைச் சாசனங்களின் முகப்புப் பகுதியிலிருந்து கிடைக்கின்றன. அரசனின் குலப்பெருமையும் வெற்றிகளும் வடமொழிச் செய்யுளில் அமைய, அதன்பின் கொடையின் விவரம் இடம்பெறும். பல்லவர் செப்பேடுகளில் இப்பிற்பகுதி பெரும்பாலும் தமிழில் உள்ளது. முற்பகுதி புகழ்ச்சி நோக்கமுடையது. பிற்பகுதி, எல்லை, வரி, நீர் உரிமை ஆகியவற்றில் பிழை நேராதவாறு எழுதப்பட்ட சட்ட ஆவணம். வரலாற்றாய்வு இதுவரை முற்பகுதியையே மிகுதியாகப் பயன்படுத்தியுள்ளது.

சான்றுகளின் காலமும் கருதத்தக்கது. புலிகேசியின் வெற்றிகளைக் கூறும் ஐகொளெக் கல்வெட்டு கி.பி. 634–35இல் இரவிகீர்த்தியால் இயற்றப்பட்டது. அது நிகழ்ச்சிகளுக்கு அண்மையது. ஆனால் வாதாபியின் வீழ்ச்சிக்கு முற்பட்டது. மறுபுறம், மகேந்திரவர்மனின் புள்ளலூர் வெற்றியைக் குறிக்கும் காசாக்குடிச் செப்பேடு இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நிகழ்ச்சிக்கும் ஆவணத்திற்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. இவ்விரண்டையும் ஒரே எடையுடைய சான்றுகளாகக் கொள்ள இயலாது.

3. புள்ளலூர்: மதிலுக்கு வெளியே நிகழ்ந்த போர்

ஐகொளெக் கல்வெட்டின்படி, புலிகேசியின் படை எழுப்பிய புழுதியால் பல்லவ வேந்தன் ஒளி குன்றிக் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கினான். பின்னர்ச் சாளுக்கியப் படை காவிரியைக் கடந்தது. சோழ, சேர, பாண்டியருக்கு அது நன்மை பயத்தது என்கிறது கல்வெட்டு. காஞ்சி கைப்பற்றப்பட்டதாக அது கூறவில்லை. இரவிகீர்த்தி தன் தலைவனின் வெற்றி எதனையும் குறைத்துக் கூறும் புலவர் அல்லர். ஆதலால் இங்குள்ள அமைதி பொருளுடையது.

காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் தலையாய பகைவரை அழித்ததாகக் கூறுகிறது. பகைவர் பெயர் சுட்டப்படவில்லை. அப்பகைவர் சாளுக்கியரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புள்ளலூர் காஞ்சிக்கு வடக்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது. இருதரப்புக் கூற்றுகளையும் இணைத்தால் ஒரு பொதுச் செய்தி கிடைக்கிறது: பகைவர் படை காஞ்சியின் புறநாடு வரை வந்தது, மதிலுக்குள் நுழையவில்லை. ஒருவர் தோல்வியென்று கண்டதை மற்றவர் வெற்றியென்று கண்டனர். களம் எது என்பதில் இருவர் கூற்றும் முரண்படவில்லை.

வடக்கிலிருந்து காஞ்சிக்கு வரும் வழியில் புள்ளலூர் அமைந்திருப்பதை ஒரு பிற்கால நிகழ்ச்சியும் உறுதிசெய்கிறது. மைசூர் அரசு கிழக்கே கர்நாடகப் பகுதிக்குள் விரிந்தபோது, ஐதர் அலி, திப்பு ஆகியோரின் படை 1780 செப்டம்பர் 10 அன்று இதே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தது. வடக்கிலிருந்து வந்த பெய்லி, காஞ்சியிலிருந்த மன்றோவின் படையோடு சேர முயன்று இடைவழியில் சிக்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு 27 அன்று அங்கேயே மீண்டும் போர் நடந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியிலும் ஒரே ஊர் களமானதற்கு அவ்வழியமைப்பே காரணமாகலாம்.

இப்போரின் நிலையான விளைவு காஞ்சியில் நிகழவில்லை, வடகிழக்கில் நிகழ்ந்தது. புலிகேசி வேங்கிப் பகுதியை வென்று தன் தம்பி குப்ச விட்டுணுவர்த்தனனை அங்கு அமர்த்தினான். அக்கிளையே கீழைச் சாளுக்கியராக வளர்ந்து, வாதாபி மரபு மறைந்த பின்னும் நூற்றாண்டுகள் ஆண்டது. படை சென்ற இடங்களுள் ஆட்சி வேரூன்றிய இடம் வேங்கி. காஞ்சியில் அது நிகழவில்லை. இவ்வேறுபாடு அடுத்தடுத்த போர்களை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது.

4. மணிமங்கலம்: கடலை நோக்கி வந்த படை

முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய களங்களில் புலிகேசியை வென்றதாகக் கூரம் செப்பேடு கூறுகிறது. புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகையே வெற்றியை எழுதும் ஏடாகக் கொண்டான் என்பது அச்செப்பேட்டின் உருவகம். உதயேந்திரம் செப்பேடும் இதே களங்களைச் சுட்டி, வாதாபி அழிவையும் கூறுகிறது. இவற்றுள் மணிமங்கலம், தாம்பரத்திற்கு மேற்கே உள்ள இன்றைய மணிமங்கலம் என்று ஏற்கப்பட்டுள்ளது; முந்தைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த இவ்வூர், பிற்காலச் சோழர் கல்வெட்டுகளாலும் புகழ்பெற்றது. மற்ற இரு களங்களின் அமைவிடம் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை.

மணிமங்கலத்தின் திசை கருதத்தக்கது. சாளுக்கியர் நாடு காஞ்சிக்கு வடமேற்கே உள்ளது. மணிமங்கலமோ காஞ்சிக்குக் கிழக்கே, நேர்கோட்டில் 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான தொலைவில், காஞ்சிக்கும் கடற்கரைக்கும் இடையே உள்ளது. எனவே படையெடுத்து வந்தோர் காஞ்சியைக் கடந்தோ சுற்றியோ கிழக்கே வந்திருத்தல் வேண்டும். தலைநகரைக் கடலிலிருந்தும் ஏரிப்பாசன ஊர்களிலிருந்தும் துண்டிப்பது அந்நகர்வின் நோக்கமாக இருந்திருக்கலாம். சாசனங்கள் நோக்கத்தைக் கூறவில்லையாயினும், களத்தின் அமைவிடம் இவ்வூகத்திற்கு இடமளிக்கிறது. வாதாபியை நோக்கிய எதிர்ப்படையெடுப்பு தொடங்குமுன், பல்லவர் தம் உள்நாட்டை மீட்கவே போரிட வேண்டியிருந்தது என்பது தெளிவு.

5. வாதாபி: கைப்பற்றலும் மீள்தலும்

கி.பி. 642 அளவில் பல்லவப் படை வாதாபியைக் கைப்பற்றியது. காஞ்சியிலிருந்து அந்நகர் நேர்கோட்டிலேயே ஏறத்தாழ 550 கி.மீ. தொலைவு. நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகப் படிக்கப்பட்டுள்ள, சிதைந்த பாறைக் கல்வெட்டு ஒன்று வாதாபியிலேயே உள்ளது. காஞ்சிப் புலவர் பாடிய புகழுரையாக மட்டும் இவ்வெற்றியைக் கருத இயலாமைக்கு அக்கல்வெட்டே சான்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணமும் சிறுத்தொண்டர் வரலாற்றில் வாதாபி அழிவை நினைவுகூர்கிறது.

எனினும், அங்குப் பல்லவர் கிளையாட்சி எதுவும் வேரூன்றவில்லை. கி.பி. 655 அளவில் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் சாளுக்கிய அரசை மீண்டும் நிலைநிறுத்தினான். சாளுக்கியர் வேங்கியில் செய்ததைப் பல்லவர் வாதாபியில் செய்யவில்லை. அல்லது செய்ய இயலவில்லை. வெற்றியின் சிறப்பு நிலப்பரப்பாக மாறாமல் ஒரு பட்டப்பெயராக எஞ்சியது.

6. பெருவளநல்லூர்: இரு அமைதிகள்

கி.பி. 674ஆம் ஆண்டின் கட்வால் செப்பேடு, விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியதையும், மகாமல்லன் குலத்தை அழித்து இராசமல்லன் என்னும் பட்டம் பெற்றதையும் பறைசாற்றுகிறது. அச்செப்பேடு வழங்கப்பட்டபோது அவன் பாசறை காவிரியின் தென்கரையில் உரகபுரத்தில் இருந்தது. அவ்வூர் உறையூர் எனக் கொள்ளப்படுகிறது.

பல்லவர் தரப்பில், முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு போர்க்களத்தை விரிவாக வருணித்து, பல இலட்சம் படைஞரை உடைய விக்கிரமாதித்தன் கந்தை மட்டும் உடுத்துத் தனியே ஓடினான் என்கிறது. அரசனின் யானை அரிவாரணம், குதிரை அதிசயம் என்னும் பெயர்களும் அதில் உள்ளன. உதயேந்திரம் செப்பேடு இவ்வரசனின் வெற்றிக்களத்தைப் பெருவளநல்லூர் என்று குறிக்கிறது. அவ்வூர் கொள்ளிடத்திற்கு வடக்கே, திருச்சிராப்பள்ளிப் பகுதியில், உறையூரிலிருந்து ஒருநாள் நடைத்தொலைவுக்குள் உள்ளது.

கட்வால் செப்பேடு தோல்வியைப் பேசவில்லை. கூரம் செப்பேடு காஞ்சி இழக்கப்பட்டதைப் பேசவில்லை. ஒன்றின் அமைதியை மற்றொன்றின் கூற்று நிரப்புகிறது. காஞ்சியை இழந்த பல்லவன் தெற்கே படைதிரட்டி, காவிரிக்கரையில் இருந்த பகைவரைத் தாக்கி மீண்டான் என்ற வரிசை இவ்விரண்டையும் இணைத்தால் மட்டுமே புலப்படுகிறது. தலைநகர் பகைவர் வசமான காலத்தும் அரசனால் படை திரட்ட முடிந்தது என்பதே இதில் பெறப்படும் முதன்மைச் செய்தி.

7. கூரம் செப்பேட்டின் பிற்பகுதி

அரசனின் அவ்வாற்றலுக்கு அடிப்படை எது என்னும் வினாவிற்குக் கூரம் செப்பேட்டின் பிற்பகுதி ஒரு விடை தருகிறது. காஞ்சிக்கு வடக்கே உள்ள கூரத்தில் எழுப்பப்பட்ட சிவன் கோயிலுக்குப் பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டது. கோயில் வழிபாட்டிற்கும், மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கும், அங்கு நீரும் நெருப்பும் வழங்குவதற்கும் பங்குகள் வகுக்கப்பட்டன. பரமேசுவர தடாகம் என்னும் ஏரியும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர்கொணரும் பெரும்பிடுகு வாய்க்காலும் அதில் இடம்பெறுகின்றன. நிலத்தின் எல்லைகளும் உரிமைகளும் தமிழில் வரையப்பட்டுள்ளன.

பேரழிவுப் போரை முற்பகுதியில் வருணிக்கும் அதே செப்பேடு, பிற்பகுதியில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் பங்கு வகுக்கிறது. புள்ளலூருக்கும் காஞ்சிக்கும் இடையே, படைகள் நடமாடிய அதே பகுதியில் இப்பணிகள் அமைந்தன. போர் நாட்டின் உற்பத்தியை முற்றிலும் குலைத்திருந்தால், இத்தகைய கொடைக்கான அளவையும் நிருவாகமும் அங்கு இயங்கியிருக்க முடியாது.

கோட்டம், நாடு, ஊர் என்ற படிநிலையில் அமைந்த தொண்டை மண்டலத்தில் அரசனுக்கும் ஊருக்கும் இடையே உள்ளூர்த் தலைவர்களும் இருந்தனர். செங்கற்பட்டை அடுத்த வல்லத்தில் உள்ள குடைவரைக் கோயில் இதற்குச் சான்று. மகேந்திரவர்மனின் சத்துருமல்லன், குணபரன் முதலிய பட்டப்பெயர்களைத் தாங்கிய அதன் தமிழ்க் கல்வெட்டு, வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் அத்தேவகுலத்தைச் செய்வித்ததாகக் கூறுகிறது. பகைவன் பட்டத்தைத் தன் கோயிலில் பொறிக்குமாறு இத்தகைய தலைவர்களை மாற்றினாலன்றிக் காஞ்சியைப் பிடித்த படைக்கு நாடு பணிந்திராது. அத்தகைய மாற்றத்தைக் காட்டும் சாளுக்கியச் சான்று இப்பகுதியில் அறியப்படவில்லை.

8. மாமல்லைக் கடற்கரையும் கடல்வழி நட்பும்

மாமல்லபுரம் நரசிம்மவர்மனின் மாமல்லன் என்னும் பட்டத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. திருமங்கையாழ்வார் இதனைக் கடல்மல்லை எனப் பாடி, துறைமுகத்தின் வளத்தையும் குறிக்கிறார். போர் வரலாற்றில் இக்கடற்கரையின் பங்கு இலங்கைத் தொடர்பால் விளங்குகிறது. மகாவமிசத்தின் தொடர்ச்சியான சூளவமிசம், ஆட்சியுரிமை இழந்த மானவர்மன் நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, வல்லபனோடு நடந்த போரில் அவனுக்கு உதவியதாகக் கூறுகிறது. கைம்மாறாக நரசிம்மன் இருமுறை படை அனுப்பினான். இரண்டாம் முறையே மானவர்மன் அரியணை பெற்றான். காசாக்குடிச் செப்பேடும் நரசிம்மனின் இலங்கை வெற்றியைக் குறிக்கிறது. மூன்றாம் தரப்பான இலங்கை நூல் பல்லவர் கூற்றை உறுதிசெய்வது, இப்போர் வரலாற்றில் அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு. வடமேற்கில் நிலவழிப் பகை இருந்த காலத்தில் பல்லவருக்குக் கிழக்கே கடல்வழி திறந்திருந்தது. மணிமங்கலம் வரை வந்த படையை விலக்க வேண்டியதன் இன்றியமையாமையும் இதனால் புலப்படுகிறது.

வாதாபி வெற்றியின் நினைவுச்சின்னமாக மாமல்லபுரத்தைக் கருதுவோர் பலர். ஆயின், கணேச ரதத்திலும் தர்மராச மண்டபத்திலும் உள்ள வடமொழிச் செய்யுட்கள் அத்தியந்தகாமன் எழுப்பிய சிவன் கோயிலைப் போற்றுகின்றனவே தவிர, வாதாபியைக் குறிப்பிடவில்லை. அவ்வெற்றியின் நினைவு மாமல்லைக்கு அண்மையில் வேறோரிடத்தில் எஞ்சியுள்ளது. திருக்கழுக்குன்றத்தில், முதலாம் ஆதித்தனுடையதாகக் கொள்ளப்படும் இராசகேசரிவர்மனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்குள்ள மூலத்தானத்து இறைவனுக்குக் கந்தசிட்டன் அளித்து, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் காத்துவந்த இறையிலி நிலத்தை அது மீண்டும் உறுதிசெய்கிறது. பல்லவர் ஆட்சி முடிந்து சோழர் ஆட்சி தொடங்கிய காலத்தும், வாதாபி கொண்டவன் என்ற பெயர் ஒரு நிலக்கொடையின் தொடர்ச்சியைச் சுட்டும் ஆவணக் குறிப்பாக இங்கு நிலைத்திருந்தது.

9. காஞ்சியில் இரண்டாம் விக்கிரமாதித்தன்

எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கி.பி. 757ஆம் ஆண்டின் வக்கலேரிச் செப்பேட்டின்படி, அவன் பல்லவனின் இசைக்கருவிகளையும் கொடியையும் யானைகளையும் மணிகளையும் கைப்பற்றினான். நகரை அழிக்காமல், இராசசிம்மேசுவரம் முதலிய கோயில்களின் செல்வத்தைத் திருப்பியளித்தான். காஞ்சிக் கைலாசநாதர் கோயில் தூணில் உள்ள கன்னடக் கல்வெட்டு இதனை உறுதிசெய்கிறது. அவன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அரசி லோகமாதேவி பட்டதக்கல்லில் எடுத்த கோயில் இன்று விருபாட்சர் கோயில் எனப்படுகிறது.

மும்முறை வெல்ல வேண்டியிருந்தது என்பதே, முதலிரு வெற்றிகளும் நிலைக்கவில்லை என்பதற்குச் சான்று. கோயிற் செல்வத்தைத் திருப்பியளித்த செயல் பக்தியாகவும் இருக்கலாம். காஞ்சியின் சமய நிறுவனங்களைப் பகைக்காமல் நாட்டை ஆளமுடியாது என்ற பட்டறிவாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் நந்திவர்மன் காஞ்சியை மீண்டும் பெற்று நெடுங்காலம் ஆண்டான். வாதாபி மரபை முடித்தவர் பல்லவர் அல்லர், கி.பி. 753 அளவில் எழுந்த இராட்டிரகூட தந்திதுர்க்கனே.

10. ஓர் ஒப்புநோக்கு

விரியும் பேரரசு தன் கிழக்கு அண்டை நாட்டின் தலைநகரைப் பிடித்தும் நாட்டைப் பெறாமல் மீளும் இந்நிலை பிற வரலாறுகளிலும் காணப்படுகிறது. துருக்கிய உதுமானியப் பேரரசின் முதலாம் சலீம், 1514 ஆகஸ்டு 23 அன்று சால்திரான் போரில் பாரசீகத்தின் சபாவியரை வென்று அவர்தம் தலைநகர் தப்ரீசுக்குள் நுழைந்தான். படைவீரர் மேற்செல்ல மறுத்ததால் சில நாட்களில் வெளியேறினான். சுலைமான் 1534இலும் 1548இலும் அந்நகருள் புகுந்தான். சபாவி மன்னன் தகுமாசுபு நேர்ப்போரைத் தவிர்த்து, வழியிலுள்ள விளைநிலங்களை அழித்துப் பின்வாங்கி, தலைநகரைக் கசுவீனுக்கு மாற்றினான். 1555ஆம் ஆண்டின் அமாசியா உடன்படிக்கையில் பாக்தாது உதுமானியரிடமும் தப்ரீசு சபாவியரிடமும் அமைந்தன. பின்னர் 1585 முதல் 1603 வரை தப்ரீசு உதுமானியர் கையில் இருந்தது. அதற்குக் கோட்டையும் நிலைப்படையும் தேவைப்பட்டன. 1639ஆம் ஆண்டின் சுகாப் உடன்படிக்கை எல்லையை ஏறத்தாழ முந்தைய நிலைக்கே கொணர்ந்தது.

இரு வரலாறுகளும் காலத்தாலும் படைக்கருவியாலும் வேறுபட்டவை. தொண்டை மண்டலத்தில் பல்லவர் தம் விளைநிலத்தை அழித்துப் பின்வாங்கியதற்குச் சான்றில்லை; மாறாக, கூரம் செப்பேடு நீர்நிலைகளையும் பங்குகளையும் காட்டுகிறது. ஆயினும் வேங்கியும் பாக்தாதும் ஒருபுறமாகவும், காஞ்சியும் தப்ரீசும் மறுபுறமாகவும் நிற்பது கருதத்தக்கது. ஆட்சியமைப்பு நிறுவப்பட்ட இடத்தில் விரிவாக்கம் நீடித்தது. படை மட்டும் சென்ற இடத்தில் படையோடு அதுவும் மீண்டது.

11. முடிவுரை

பல்லவ – சாளுக்கியப் போர்களில் இருதரப்புச் சாசனங்களும் பொய்யுரைக்கின்றன என்றோ, ஒன்று மெய் மற்றொன்று பொய் என்றோ கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சாதகமான கட்டத்தில் நின்றுவிடுகிறது. கட்வாலையும் கூரத்தையும், ஐகொளெயையும் காசாக்குடியையும் இணைத்துப் படிக்கும்போதே நிகழ்ச்சிகளின் வரிசை கிடைக்கிறது. புள்ளலூரும் மணிமங்கலமும், பல்லவர் புகழின் தொடக்கம் தம் வாயிலிலேயே நிகழ்ந்த தற்காப்புப் போர் என்பதைக் காட்டுகின்றன. வல்லம், கூரம், திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களின் ஆவணங்கள், அரசு தங்கியிருந்த உள்ளூர் அமைப்புகளை வெளிப்படுத்துகின்றன.

செங்கற்பட்டு – மாமல்லைப் பகுதியின் கொடைச் சாசனங்களை, அவற்றில் வரும் ஏரி, வாய்க்கால், ஊர்ப்பெயர் ஆகியவற்றோடு நிலப்படத்தில் பொருத்தி, போர்க்காலங்களுக்கு முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றங்களை ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். சாசனங்களின் புகழ்ச்சிப் பகுதி அரசர்களின் வரலாற்றைத் தந்துள்ளது. தமிழில் எழுதப்பட்ட அவற்றின் பிற்பகுதி, அப்போர்களைத் தாங்கிய ஊர்களின் வரலாற்றைத் தரவல்லது.